ஐஃபிரேம் வரைபடமும் வெறும் பெட்டியும்: மூன்று போகம் பாவித்த பிறகு

களுவாஞ்சிக்குடியிலிருந்து நண்பர் கேட்டது ஒற்றை வரி: "மெப்பில தொட்ட இடம் ஃபோமுக்குள்ள விழுதில்ல, ஏன் மச்சான்?"

வெள்ளத்தில் அழிந்த வயலைப் பதிகிற படிவம். நடுவில் ஐஃபிரேமுக்குள், அதாவது பக்கத்துக்குள் செருகிய இன்னொரு பக்கத்துக்குள், லீஃப்லெட் என்ற நிரல் தொகுப்பால் ஆன வரைபடம். விவசாயி தன் வட்டையை (வயல்வெளியை) தொட்டதும் அகலக்கோடும் நெடுங்கோடும், ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குச் செய்தி அனுப்புகிற போஸ்ட்மெசேஜ் வழியாகப் படிவத்தின் பெட்டிக்கு வரவேண்டும். இதே அமைப்பை இரண்டு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் பாவித்தாயிற்று. நேரே கோபத்துக்கு வருகிறேன்.

இது பிழைத்தால் சத்தம் போடாது. வரைபடத்தில் ஊசி குத்தி நிற்கும், அனுப்புகிற பட்டன் வேலை செய்யும், "நன்றி" என்று பக்கம் வரும். பிறகு பதிவேட்டைத் திறந்தால் வட்டைப் பெயர் இருக்கும், ஏக்கர் இருக்கும், இடம் மட்டும் இருக்காது. களம் பார்க்கப் போகிறவருக்கு வேண்டியதே அந்த ஒன்றுதான்.

நண்பரின் கோளாறு பெரும்பாலும் ஒரு சாய்கோடு (/). செய்தி எந்த ஒரிஜினிலிருந்து, அதாவது எந்தத் தள முகவரியிலிருந்து, வந்தது என்று படிவப் பக்கம் பார்த்துத்தான் ஏற்கவேண்டும், அது சரி. ஆனால் உலாவி தருகிற ஒரிஜினின் கடைசியில் சாய்கோடு கிடையாது. முகவரிப் பட்டையிலிருந்து பிரதி எடுத்து ஒட்டினால் சாய்கோடும் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டும் சமமில்லை, செய்தி குப்பைக்குப் போகிறது. முகவரி ஓரிடத்தில் மூன்று டபிள்யூவோடும் மற்ற இடத்தில் இல்லாமலும் இருந்தாலும் அதே கதி. அனுப்புகிற பக்கத்தில் இலக்கு ஒரிஜின் (செய்தி போய்ச் சேரவேண்டிய முகவரி) பொருந்தாவிட்டால் உலாவி, பிழைகளைக் காட்டும் உள்திரையான கொன்சோலில் ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். நிரலில் பிழையைப் பிடிக்கிற ட்ரை, கேட்ச் போட்டாலும் அகப்படாது. வயல் வரம்பில் நின்று போனில் கொன்சோல் பார்க்கிற விவசாயியை நான் கண்டதில்லை.

அலுத்துப்போய் இலக்கு ஒரிஜினுக்கு, யாருக்கும் போகலாம் என்று பொருள்படும் நட்சத்திரக்குறி போட்டுவிடுவார்கள். உடனே வேலை செய்யும். ஆனால் அந்த வரைபடத்தை வேறு யாராவது தங்கள் பக்கத்துக்குள் செருகினாலும் காணி இருக்கிற இடம் அவர்கள் கைக்குப் போகும். செய்யவேண்டாம்.

அடுத்தது, "ஹிடன் பெட்டிக்கு ரெக்வயர்ட் போட்டிருக்கிறேனே" என்ற நம்பிக்கை, அதாவது கண்ணுக்குத் தெரியாத பெட்டியைக் கட்டாயம் என்று குறித்துவிட்டால் போதும் என்பது. ஹிடன் வகை உள்ளீட்டை உலாவி சரிபார்ப்பதே இல்லை. பார்க்க மட்டும் முடிகிற, தட்டமுடியாத ரீட்ஒன்லி பெட்டியையும் அப்படித்தான் விட்டுவிடும். டிசேபிள்ட் (முடக்கிய பெட்டி) என்றால் இன்னும் மோசம், பெட்டியில் எண் தெரியும், அனுப்பும்போது போகாது. ஆகவே ரீட்ஒன்லியாகக் கண்ணுக்குத் தெரிகிற பெட்டி வையுங்கள். சமர்ப்பிக்கும் நேரத்தில் அது வெறுமையா என்று நீங்களே பார்த்து, வெறுமையென்றால் நிறுத்தி, "வரைபடத்தில் உங்கள் வயலைத் தொடுங்கள்" என்று சொல்லுங்கள்.

எதிர்பாராத சந்தோஷமும் அந்தப் பெட்டிதான். ஊசியை இழுக்க இழுக்க எண் மாறுவதைப் பார்த்ததும், தொட்டது பதிகிறது என்று யாரும் விளக்காமலே விளங்கிவிடுகிறது. பிழையும் அங்கேயே பிடிபடும். லீஃப்லெட் அகலக்கோட்டை முதலில் தரும், இடங்களை எழுதிவைக்கும் கோப்பு வடிவமான ஜியோஜேசன் நெடுங்கோட்டை முதலில் வைக்கும். இடம் மாறினால் 7.71, 81.70 என்ற மட்டக்களப்பு 81.70, 7.71 ஆகி, நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கும் வடக்கே ஆர்க்டிக் சமுத்திரத்தில் மிதக்கும். அகலக்கோடு 6.5க்கும் 8.5க்கும் இடையில், நெடுங்கோடு 80.8க்கும் 82க்கும் இடையில் என்று ஒரு தடை போட்டால் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்துக்கும் போதும்.

தசமத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் அரைக் கிலோமீற்றர் வரை நகரும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் கரையோரக் காணி வாவிக்குள் போய் விழுந்துவிடும். ஐந்து தசமம் என்றால் ஏறக்குறைய ஒரு மீற்றர். அதற்கு மேல் வீண்.

ஸ்கிரிப்ட் மூலம் பெட்டியில் எண்ணை இட்டால் பெட்டி மாறியதை அறிவிக்கிற இன்புட், சேஞ்ச் நிகழ்வுகள் தாமாக எழாது. அந்த நிகழ்வை நம்பி ஏதாவது கணக்குப் போடுகிற படிவம் என்றால் நீங்களே எழுப்பிவிடவேண்டும். "என் இருப்பிடம்" பட்டன் வைத்தவர்கள் ஐஃபிரேமுக்கு அனுமதி கொடுக்கிற அலவ் பண்பில் ஜியோலொகேஷன் (இருப்பிடம் அறிதல்) சேர்க்க மறந்துவிட்டு ஜீபிஎஸ்ஸைத் திட்டுகிறார்கள். ஹெச்டிடிபிஎஸ்ஸும் கட்டாயம்.

எதிர்த் திசையில் ஒரு வில்லங்கம். பிரதேச செயலகப் பிரிவைத் தெரிவுசெய்ததும் வரைபடம் அங்கே போகட்டும் என்று படிவம் உடனே செய்தி அனுப்பும். வாகரைப் பக்கம் சிக்னல் மெதுவென்றால் ஐஃபிரேம் இன்னும் ஏறியிருக்காது. கேட்க ஆளில்லாத செய்தி தொலைந்துபோகும், வரிசையில் காத்திருக்காது. வரைபடம் ஏறி முடித்துத் "தயார்" என்று முதலில் சொல்லட்டும், அதன் பிறகே படிவம் பேசட்டும்.

சொந்தப் படிவம் வேண்டாம், கூகுள் ஃபார்ம்ஸ் போதும் என்பவர்களுக்கு: அதன் பெட்டிக்குள் வெளியிலிருந்து ஸ்கிரிப்ட் எழுதமுடியாது. பதில்களை முகவரியிலேயே ஏற்றி வருகிற முன்நிரப்பிய இணைப்பு ஒன்றுதான் வழி. படிவமும் ஐஃபிரேமில் இருந்தால், ஊசி நகரும் ஒவ்வொரு முறையும் முகவரியை மாற்றவேண்டும். மாற்றினால் படிவம் மறுபடி ஏறும், அதுவரை தட்டியதெல்லாம் போய்விடும். பின்செல்லும் பட்டனும் பக்கத்தை விட்டுவிட்டு ஐஃபிரேமுக்குள்ளேயே ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போகும். முகவரியில் தமிழும் வீங்கும். "மட்டக்களப்பு" என்ற ஒரு சொல் சதவீதக் குறியாக்கத்தில் (முகவரிக்குள் தமிழை % குறிகளாக மாற்றும் முறை) 108 எழுத்து. ஆகவே முதலில் வரைபடப் பக்கம், இடத்தைத் தெரிவுசெய்து முடித்த பிறகு ஒரே தடவையில் படிவத்துக்குத் தாவுகிற இணைப்பு. அழகில்லை, ஆனால் பிழைக்காது.

போஸ்ட்மெசேஜ் மேல் எனக்குக் குறையில்லை. ஒரிஜின் சரியாக இருந்தால் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. ஆனாலும் வரைபடமும் உங்களுடையது, படிவமும் உங்களுடையது என்றால் ஐஃபிரேமையே தூக்கி எறியுங்கள். லீஃப்லெட்டை நேரே பக்கத்துக்குள் போட்டால் மேலே எழுதியதில் பாதி தேவையே இல்லை. எங்கள் வரைபடம் வேறொருவரின் சேவரில் இருக்கிறது, அதனால் வருகிற பெரும்போகத்துக்கும் இதே தலையிடிதான்.

மச்சான், நீ முதலில் அந்தச் சாய்கோட்டைப் பார்.