சேலத்து ஆய்வகத்துக்கு எந்தப் பூச்சு? பிவிஏ, பாலிஇமைடு, ஒளிச்சீரமைப்பு

எல்சிடி செல் (இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகத்தை நிரப்பிய சிறு அமைப்பு) செய்து பார்க்க விரும்பும் எம்எஸ்சி மாணவர்கள் திரவப் படிகத்தைத் தேர்ந்தெடுக்கக் காட்டும் அக்கறையை, கண்ணாடியின் உள்பக்கம் பூசும் பாலிமருக்கும் காட்ட வேண்டும். சுமார் 100 நானோமீட்டர் தடிமன் உள்ள அந்தப் படலத்தை வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்த்தால், மேற்பரப்புச் சங்கிலிகள் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் மாதிரி நீண்டு படிகின்றன. அதை ஒட்டியே திரவப் படிக மூலக்கூறுகளும் வரிசையாகின்றன. துணி போடும் நுண்பள்ளங்களே காரணம் என்று 1972-இல் இயற்பியலாளர் பெரேமன் விளக்கினார். தேய்த்த பாலிமரில் சங்கிலிகளின் திசைக்கே பெரும் பங்கு என்பது பிற்பாடு தெளிவானது.

முதல் முயற்சிக்கு என் ஓட்டு பிவிஏ-வுக்கு, அதாவது பாலிவினைல் ஆல்கஹாலுக்கு. வெந்நீரில் கரைகிறது, விலை குறைவு, 100 டிகிரியை ஒட்டிய சூடு காட்டும் சாதாரண ஓவன் போதும். ஆனால் ஈரத்தை இழுக்கும். ஏற்காட்டில் ஐப்பசி மூட்டத்தில் வைத்துச் செய்தால் இது பெரிய தொல்லை: ஈரத்தோடு அயனிகளும் திரவத்துக்குள் புகுந்து, கொடுத்த மின்னழுத்தம் நிற்காமல் இறங்கும். முன்சாய்வும், அதாவது மின்னழுத்தம் கொடுக்கும் முன்பே மூலக்கூறுகள் கண்ணாடியிலிருந்து ஒரு பக்கமாகச் சற்று எழும்பி நிற்கும் கோணமும், கிட்டத்தட்ட இல்லை. அதனால் மின்னழுத்தம் கொடுத்ததும் சில மூலக்கூறுகள் இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் எழுந்து, திட்டுத் திட்டாகத் தெரியும்.

வெப்பம் தாங்கும் பாலிமரான பாலிஇமைடு இந்த இரண்டு குறைகளையும் பெருமளவு தீர்க்கிறது. தேய்த்தால் சில டிகிரி முன்சாய்வு கிடைக்கும், மூலக்கூறுகளைத் திசை மாறாமல் நிறுத்தும் பிடிப்பும் வலுவானது. தொழிற்சாலைகள் இதை நம்பியதில் வியப்பில்லை. ஆனால் கரைசலைக் குளிரில் காக்க வேண்டும், கரைப்பானின் ஆவியை வெளியேற்றும் கூண்டு (ஃப்யூம் ஹூட்) வேண்டும், வழக்கமான வகைகளுக்கு 200 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். இவை மூன்றும் உள்ள துறையென்றால் தயங்காமல் இதற்கே போங்கள்.

தேய்ப்பதால் இரண்டிலுமே நிலைமின்சாரமும் துணித்தூசியும் வரும். சேலத்துப் பங்குனி வறட்சியில் அது கூடும். தொடாமலே சீரமைக்கும் வழி ஒளி: முனைவாக்கிய (ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய) புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் போதும் என்று சினமேட் என்ற ஒளி உணரும் வகைப் பாலிமரில் ஷாட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1992-இல் காட்டினார்கள். 2009-இல் ஷார்ப் அதை டிவி திரைக்கே கொண்டுவந்தது. விளக்குக்கும் முனைவாக்கிக்கும் ஆகும் செலவை நினைத்தால், கல்லூரி ஆய்வகத்துக்கு இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிடிப்பும் பல வகைகளில் பாலிஇமைடை விடக் குறைவு.

அப்புறம், பூச்சைக் குறை சொல்லும் முன் வெப்பமானியைப் பாருங்கள். மாணவர்கள் அதிகம் வாங்கும் 5சிபி என்ற பொருள் ஏறத்தாழ 24 முதல் 35 டிகிரி வரைதான் திரவப் படிகம். சித்திரை மதியம், ஏசி இல்லாத சேலத்து அறையில் அது வெறும் திரவமாகிவிடும்; எவ்வளவு நல்ல பூச்சும் அப்போது பயன்படாது. 60 டிகிரியை நெருங்கும் வரை தாங்கும் ஈ7 கலவை வாங்கினால் அந்தக் கவலை இல்லை. 5சிபிதான் கையில் இருக்கிறதென்றால், 40 டிகிரியில் செல்லை நிரப்பி மெதுவாக ஆறவிடுங்கள். நிரப்பும்போது விழும் ஓட்டக் கோடுகள் பெரும்பாலும் மறையும்.