கணக்கு சரி, புட்டியைத்தான் பார்க்கவில்லை: ஒரு மோல் கணக்குச் செயலி

செய்முறை வகுப்புக்கு முன்னால் எந்தப் பொருளை எத்தனை கிராம் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதற்காகக் கைபேசியில் ஒரு ஸ்டாய்க்கியோமெட்ரி (வினையில் எது எவ்வளவு தேவை என்ற கணக்கு) செயலி வைத்திருக்கிறேன். வினைபடுபொருள்களையும் விளைபொருள்களையும் தட்டினால் சமன்பாட்டை அதுவே சமன்செய்துவிடும். ஒன்றின் எடையைக் கொடுத்தால் போதும், மற்றவற்றின் எடை வந்துவிடும்.

கூட்டல் பெருக்கலில் குறையே இல்லை. 100 கிராம் ஃபெரிக் ஆக்சைடு, 50 கிராம் அலுமினியம் என்று கொடுத்தேன் (திரையில் மட்டும்தான், தெர்மைட் எனப்படும் இந்தக் கலவையை யாரும் கொளுத்தவில்லை). மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு; 1 மோல் ஆக்சைடுக்கு 2 மோல் அலுமினியம். ஆகவே அலுமினியம் 33.79 கிராம் போதும், 16.21 கிராம் மிஞ்சும், இரும்பு 69.94 கிராம் வரும். வினைக் கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்துவது, ஆக்சைடு என்று சரியாகச் சொன்னது. எடையில் இரு மடங்கு இருப்பது முதலில் தீர்ந்துபோகும் என்பதை மாணவர்கள் லேசில் நம்ப மாட்டார்கள். கிராம், மோல், விகிதம், மறுபடி கிராம் என்று ஒவ்வொரு படியையும் விரித்துக் காட்டுவதால் நம்புகிறார்கள்.

சிக்கல் காப்பர் சல்பேட்டில் வந்தது. பெயரைத் தட்டினால் நீரற்ற உப்பின் மோலார் நிறையான (ஒரு மோலின் எடை, கிராமில்) 159.61-ஐ எடுத்துக்கொள்கிறது. அலமாரியில் இருப்பதோ நீலப் படிகம். ஐந்து நீர் மூலக்கூறுகளோடு சேர்த்து 249.69. அந்தப் படிகம் 10 கிராமைக் கரைத்து, காப்பர் ஹைட்ராக்சைடாக வீழ்படியவைக்க 3.20 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு போதும். செயலி 5.01 கிராம் கேட்கிறது! இதில் மோசம் என்னவென்றால், நீல வீழ்படிவு எப்படியும் வந்துவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. வடிநீரில் சிவப்பு லிட்மஸை நனைத்துப் பார்த்தால்தான் மிஞ்சிய காரம் தெரியும்.

கரைசல்களிலும் இதே கதைதான். 1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 36.46 கிராம் என்கிறது. புட்டியில் இருப்பது 37 சதவீத அமிலம் என்றால் சுமார் 98.5 கிராம், அதாவது ஏறக்குறைய 83 மில்லி எடுக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஆனால் விடையில் மட்டும் தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம். எங்கள் தராசு இரண்டோடு நின்றுவிடும்.

படிக நீரையும் சேர்த்து வாய்ப்பாட்டை முழுதாகத் தட்டினால் சரியான விடை தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கான நடுப்புள்ளி விசைப்பலகையின் இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கரைசலின் சதவீதத்தையும் அடர்த்தியையும் கேட்கும் கட்டம் ஒன்று வந்தால் நாலரை.