நண்டா, கிழங்கா, நீராவியா? ஜப்பானில் எந்த வெந்நீர் ஊற்று ஊரில் தங்கலாம்

ஜப்பான் போகிறவர்கள் பலருக்கும் டோக்கியோ, கியோட்டோவோடு ஒரு ராத்திரியாவது ஒன்சென் ஊரில், அதாவது வெந்நீர் ஊற்று உள்ள ஊரில், தங்கிவிட வேண்டும் என்று ஆசை. அப்படிப்பட்ட ஊர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருப்பதால், குளத்தின் படத்தைப் பார்த்து ஏதோ ஒன்றைப் பிடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ராத்திரிச் சாப்பாட்டைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி. வெந்நீர் எங்கே போனாலும் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ரியோகான் எனும் பழைய பாணி விடுதியில் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. இரவு உணவும் காலை உணவும் அதிலேயே அடக்கம், என்ன சமையல் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கெல்லாம் பரிமாறிவிடுவார்கள். தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், மலை ஊரில் வேறு கடை தேடி அலைய முடியாது.

நான்கு ஊர்களை எடுத்துக்கொள்கிறேன்: கினோசாக்கி, குரோகாவா, நியூட்டோ, கன்னாவா.

கினோசாக்கிக்குப் போவது சுலபம். கியோட்டோவிலோ ஒசாகாவிலோ எக்ஸ்பிரஸ் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் ஊர் நடுவிலேயே இறங்கலாம். ஏழு பொதுக் குளியல் வீடுகளுக்குப் பேர்போன ஊர் இது. விடுதியில் தங்குகிறவர்களுக்கு அவற்றில் நுழைவு இலவசம். யுகாத்தா அங்கியும் மரச் செருப்புமாக எல்லோரும் ஆற்றங்கரையில் டக் டக்கென்று நடந்துகொண்டிருப்பார்கள். ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. ஆனால் இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் நண்டுக்காக வருகிறார்கள் என்றே சொல்லலாம். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை மாட்சுபா நண்டு சீசன். ஒரே நண்டை நாலு விதமாகத் தருவார்கள். வேகவைக்காத நண்டுக் காலை ஐஸ் தண்ணீரில் முக்கினால் சதை பூ மாதிரி விரியும். அடுத்தது கரியில் சுட்டது. ஓட்டுக்குள் இருக்கும் பச்சை கலந்த சாந்தை அப்படியே அடுப்பில் காட்டிக் கொஞ்சம் சாக்கே எனும் அரிசி மது ஊற்றித் தருவதும் உண்டு. கடைசியாக, நண்டு வெந்த சாற்றில் சோறும் முட்டையும் போட்டுக் கஞ்சியாக்குவார்கள். வயிறு நிறைந்த பிறகு வரும் அந்தக் கஞ்சிதான் மொத்தச் சாப்பாட்டிலும் எனக்குப் பிடித்தது.

ஒரு எச்சரிக்கை. மலிவான ‘நண்டு விருந்து’ என்றால் பல நேரம் வெளிநாட்டிலிருந்து வந்த உறைநண்டாக இருக்கும். உள்ளூர் நண்டின் காலில் துறைமுகத்தின் பெயர் போட்ட சீட்டு இருக்கும். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். சீட்டுள்ள நண்டென்றால் கட்டணம் சர்ரென்று ஏறும். கோடையில் போனால் நண்டு கிடையாது, தாஜிமா மாட்டிறைச்சி உண்டு. புகழ்பெற்ற கோபே இறைச்சியும் இந்த தாஜிமா இனத்து மாட்டிலிருந்து வருவதுதான். ஆனாலும் கோடையில் கினோசாக்கிக்காக அத்தனை தூரம் போக மாட்டேன்.

குரோகாவா, கியூஷு தீவில் அசோ எரிமலைக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. ரயில் கிடையாது, பஸ் அல்லது கார்தான். ஊர் அழகில் நான்கிலும் இதற்குத்தான் முதலிடம். 1986-ல், திறந்தவெளிக் குளம் கட்ட இடமில்லாத விடுதிகளையும் விட்டுவிடக் கூடாது என்று ஊரார் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். 1,500 யென் கொடுத்து வட்டமான மரச் சீட்டு ஒன்றை வாங்கினால், மற்ற விடுதிகளிலும் மூன்று குளியல் போடலாம். ஷின்மெய்கான் விடுதியில் உளியால் குடைந்த குகைக் குளமும் உண்டு. சாப்பாடு மலை நாட்டுச் சாப்பாடு: உப்பு தடவிச் சுட்ட யமாமே ஆற்று மீன், கடுகுக் காரம் அடைத்த தாமரைக் கிழங்கு, அசோ புல்வெளியில் மேய்ந்த செந்நிற மாட்டின் இறைச்சி. தாஜிமாவைப் போலக் கொழுப்பு ஓடியதல்ல, மென்று சாப்பிட வேண்டிய இறைச்சி. பச்சைக் குதிரை இறைச்சியும் தட்டில் வரலாம், வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. குறை சொல்ல எதுவுமில்லை, ஆனால் மனசில் நிற்கும்படியான ஒரு பதார்த்தமும் இல்லை.

அது நியூட்டோவில் இருக்கிறது. வடக்கே அக்கிதா மாநிலத்து மலையில் ஏழு விடுதிகள். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் தாசாவாகோ வரை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, பிறகு பஸ். அவற்றில் பழையது ட்சுருனோயு. கூரை வேய்ந்த நீள வீடு, அறை நடுவே கரி அடுப்பு, வெளியே பால் போல வெளுத்த நீர். அந்தப் பெரிய குளத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே குளிப்பார்கள். நீரின் வெளுப்பு உடம்பை மறைத்துவிடும், பெண்களுக்குத் தனிக் குளமும் உண்டு. கூச்சம் விடாது என்றால் பூட்டிக்கொண்டு குளிக்கும் தனிக்குளம் உள்ள வேறு விடுதியைப் பாருங்கள்.

இங்கே ராத்திரிக்கு மலைக்கிழங்குக் குழம்பு. கிழங்கைத் துருவினாலே மாவு சேர்க்காமல் உருண்டை பிடிக்குமளவு பிசுபிசுக்கும். அந்த உருண்டைகளைக் காளான், கீரை, பன்றி இறைச்சியோடு மிசோ எனும் சோயா விழுதுக் குழம்பில் போட்டு அடுப்பின் மேல் தொங்கவிடுவார்கள். தொட்டுக்கொள்ள இபுரிகாக்கோ, புகையூட்டிய முள்ளங்கி ஊறுகாய். மற்ற ஊர்களில் முள்ளங்கியை வெயிலில் காயவைத்து ஊறுகாய் போடுவார்கள். அக்கிதாவில் பனி சீக்கிரம் வந்துவிடும், வெயிலை நம்ப முடியாது. அதனால் அடுப்புக்கு மேலே கட்டி விறகுப் புகையில் உலர்த்தி, பிறகு தவிட்டில் ஊறவைத்தார்கள். கடித்தால் நறுக்கென்று சத்தம், பின்னாலேயே புகை வாசம். நண்டு விருந்தையும் இதையும் எதிரெதிரே வைத்தால் நான் இந்தப் பக்கம்தான் உட்காருவேன்.

சைவக்காரர்கள் இதுவரை படித்து முகம் சுளித்திருப்பார்கள். நியாயம்தான். ‘மீன் வேண்டாம்’ என்று சொன்னால் தட்டிலிருந்து மீன் துண்டு போய்விடும், காய் வெந்த சாற்றில் இருக்கும் காய்ந்த மீனின் சாரம் போகாது. மிசோ சூப்பிலும் அதே கதைதான். அவர்களுக்கு நான் சொல்வது பெப்பு நகரத்து கன்னாவா. அசல் கிராமம் என்று சொல்ல முடியாது, ஆனால் சந்துக்குச் சந்து தரையிலிருந்து நீராவி எழும். சமையலுக்கு அந்த நீராவிதான் அடுப்பு. சாப்பாடு இல்லாமல் அறையை மட்டும் வாடகைக்கு விடும் விடுதிகள் இங்கே உண்டு. நீண்ட நாள் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்தவர்களுக்காக ஏற்பட்டவை அவை. சந்தையில் சர்க்கரைவள்ளி, பூசணி, சோளம், முட்டைக்கோஸ் வாங்கிக் கூடையில் வைத்து நீராவித் தொட்டியில் இறக்கி மூடிவிட வேண்டியதுதான். லேசான உப்பு மணத்தோடு வெந்து வரும். பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் கையோடு கொண்டுபோனால் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை. நான்கில் செலவு குறைந்த ஊரும் இதுதான்.

கறி மீன் சாப்பிடுகிறவரும் சைவரும் சேர்ந்து போகிற குடும்பம் என்றால் குரோகாவாவில் ஒரு இரவு, கன்னாவாவில் ஒரு இரவு. இரண்டும் கியூஷுவில்தான், அசோ, குரோகாவா, பெப்பு வழியாகப் பஸ்ஸும் இருக்கிறது. இருக்கையை முன்பதிவு செய்துகொள்ளுங்கள், ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான் ஓடும்.