ரோட்டு நடுவுல டேப் பிடிச்சு எல்லை காட்டுற சர்வேயரை நம்பிடாதீங்க

ரோடு அகலப்படுத்த நிலம் எடுக்கப் போறாங்கன்னு நோட்டீஸ் வந்தவங்க, ரோட்டை ஒட்டி காம்பவுண்ட் சுவர் கட்டப் போறவங்க, தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. நாங்க மாட்டுன மாதிரி நீங்களும் மாட்டிக்காதீங்க.

எல்லை எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு சுவர் கட்டலாம்னு ஒரு தனியார் சர்வேயரைக் கூப்பிட்டோம். கையில ஒரு சின்ன ஜிபிஎஸ், ஒரு டேப், அவ்வளவுதான். வரைபடத்துல ரோடு 12 மீட்டர், அதனால தார் ரோட்டு நடுவுல நின்னு எங்க பக்கமா 6 மீட்டர் பிடிச்சு மஞ்சள் பெயின்ட்ல கோடு போட்டார், அரை மணி நேரத்துல கிளம்பிட்டார். "பழைய சர்வே கல்லு, அதான் எல்லைக்கு நட்ட கல்லு, இருக்கான்னு தேட வேணாமா சார்"னு அப்பா கேட்டதுக்கு "அதெல்லாம் எப்பவோ போயிருக்கும், சாட்டிலைட்லயே பாத்துட்டேன்"னாரு. நம்பிட்டோம், சுவரும் எழும்பிருச்சு.

அப்புறம் ரோடு வேலைக்காக அரசு அளவைக் குழு வந்தாங்க. மெஷினை இறக்குறதுக்கு முன்னாடியே பழைய வரைபடத்தை விரிச்சு கல்லு தேட ஆரம்பிச்சாங்க. ரெண்டு கல்லு சுலபமா கிடைச்சுது. மூணாவது புதருக்குள்ள, ஒரு சாண் ஆழத்துல, மண்ணைக் கையால வழிச்சு எடுத்தா தலையில செதுக்குன சிலுவைக் குறி அப்படியே இருக்கு. அந்த மூணையும் வச்சு டோட்டல் ஸ்டேஷன்ல (கோணத்தையும் தூரத்தையும் துல்லியமா அளக்குற மெஷின்) அளந்தா எங்க சுவர் 1.3 மீட்டர் ரோட்டு நிலத்துக்குள்ள நிக்குது. ஆக்கிரமிப்புன்னு எழுதிட்டாங்க, சுவருக்கு இழப்பீடு கிடையாது, நாங்களே ஆள் வச்சு இடிச்சோம். இடிக்கிற அன்னைக்கு அப்பா வெளியவே வரல.

ஏன் இப்படி ஆச்சுன்னா, கண்ணுக்குத் தெரியுற தார் ரோடு வேற, சட்டப்படி ரோட்டு நிலம் வேற. எங்க பக்கம் முன்னாடி மர வரிசை இருந்துச்சு, அதனால ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் எதிர்ப்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து போயிருக்கு, தாரோட நடு நிலத்தோட நடுவே இல்ல. இது தெரியாதவர் சர்வேயரே இல்லன்னுதான் நான் சொல்லுவேன். அந்தக் கையடக்க ஜிபிஎஸ்ஸும் வெட்டவெளியிலயே 3, 4 மீட்டர் தள்ளிக் காட்டும், மரத்தடியில இன்னும் மோசம், அதை வச்சு எல்லைக் கோடு போடவே கூடாது. ஆர்டிகே கருவின்னா (இடம் தெரிஞ்ச இன்னொரு கருவியில இருந்து திருத்தம் வாங்கி அளக்குற ஜிபிஎஸ்) 1, 2 சென்டிமீட்டருக்குள்ள வரும், ஆனா அதுலயும் ஸ்கிரீன்ல 'ஃபிக்ஸ்டு'னு (முழுத் துல்லியம் கிடைச்சாச்சு) வந்திருக்கா, 'ஃப்ளோட்'டுல (இன்னும் கிடைக்கல) நிக்குதான்னு கேட்டுப் பாருங்க.

இன்னொன்னு, மீட்டருக்குப் பதிலா செயின், லிங்க்ஸ்னு பழைய கணக்குல அளவு போட்ட வரைபடத்தை வச்சிருக்கவங்களுக்கு. ஒரு செயின் 66 அடி, அதுல 100 லிங்க், அதாவது 20.1168 மீட்டர். இதை ரவுண்டா 20 மீட்டர்னு போட்டா 10 செயின் தூரத்துல கிட்டத்தட்ட 1.17 மீட்டர் காணாமப் போயிடும். அந்தத் தனியார் சர்வேயர் குடுத்த ஸ்கெட்ச்லயும் ஒரு லிங்க் 20 சென்டிமீட்டர்னுதான் கணக்குப் போட்டிருக்கார், நாங்க பாத்ததே சுவரை இடிச்சதுக்கு அப்புறம்தான்.

போன் பண்ணா எடுக்கறதில்ல. ஸ்கெட்ச்ல கையெழுத்து இல்ல, லைசன்ஸ் நம்பர் இல்ல, எந்தக் கல்லுல இருந்து அளந்தேன்னு ஒரு வரி கூட இல்ல, அதனால புகார் குடுக்கவும் பிடி இல்லாம நிக்கிறோம். இது மூணும் இல்லாத ஸ்கெட்சுக்கு காசு குடுக்காதீங்க.

ரோடு வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி உங்க கல்லை எல்லாம் போட்டோ எடுத்து, பக்கத்துல அசையாத மூணு பொருள்ல இருந்து எவ்வளவு தூரம்னு அளந்து எழுதி வச்சுக்கோங்க. எங்க புதருக்குள்ள கிடைச்ச கல்லை போன வாரம் பொக்லைன் பெயர்த்து ஓரமா போட்டுருச்சு, அளவு எழுதி வச்சிருந்ததால மட்டும்தான் திரும்ப அதே இடத்துல நட வைக்க முடிஞ்சுது.