பீட் சேறா, களிமண்ணா, சாக்கடல் சேறா: எந்தச் சருமத்துக்கு எது?

முகத்துக்குச் சேறு பூசலாம் என்று முடிவெடுத்ததும் வரும் குழப்பம், எந்தச் சேறு என்பதுதான். எல்லா டப்பாவிலும் ‘இயற்கை’ என்று போட்டிருக்கும். ஆனால் உள்ளே இருப்பவை ஒரே குடும்பம்கூட இல்லை. முல்தானி மட்டி, பென்டோனைட், கயோலின் எல்லாம் களிமண் வகை, அதாவது கனிமம். சாக்கடல் சேறு கனிமத்தோடு ஏராளமான உப்பும் சேர்ந்தது. பீட் சேறு பெரும்பாலும் பாதி மக்கிய செடிதான்.

சதுப்பு நிலத்தில் ஸ்பாக்னம் பாசியும் கோரையும் மடிந்து நீருக்கடியில் தங்குகின்றன. அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு, அமிலத்தன்மை அதிகம். அதனால் நுண்ணுயிர்களால் அவற்றை முழுதாக மக்க வைக்க முடிவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில் அது சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 1,000 ஆண்டு ஆகும். பீட்டுக்கு அந்தக் கரும்பழுப்பு நிறத்தைத் தருபவை இந்த மக்கலில் உருவாகும் ஹியூமிக் அமிலங்கள். பீட்டின் அழகுப் பயன் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வதும் இவற்றைத்தான். ஆய்வுக்கூடத்தில் இவை வீக்கத்தைத் தணிக்கும் தன்மை காட்டியிருக்கின்றன. அதற்காக, பூசிய மறுநாளே சுருக்கம் மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வித்தியாசம் புரிய, முன்கையில் பக்கம் பக்கமாகப் பூசிப் பார்த்தேன். பென்டோனைட் பத்து நிமிடத்தில் ஓரம் வெளுத்து, ரோமத்தைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. அப்புறம் நடுவில் விரிசல். முல்தானி மட்டி அதைவிடச் சீக்கிரம் காய்ந்து, கையை மடக்கினாலே பொடியாக உதிர்ந்தது. பீட் பட்டையோ இருபது நிமிடம் கழித்தும் ஈரமாக, குளுமையாக இருந்தது. விரலால் தள்ளினால் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. வாடை மட்டும் நாள்பட்ட ஈர இலைச் சருகு வாடை, சிலருக்குப் பிடிக்காது.

காரணம் எளிது. பென்டோனைட்டில் உள்ள நுண்ணிய அடுக்குகள் நீரை உள்ளே வாங்கி உப்பும், காயும்போது சுருங்கும். சருமம் இறுகுவது அந்தச் சுருக்கத்தால்தான். அதை ‘சருமம் டைட்டாகிவிட்டது’ என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள். கழுவிய சிறிது நேரத்தில் அந்த இறுக்கம் போய்விடும், வறட்சிதான் மிஞ்சும். பீட்டின் நார்கள் தம் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்திருப்பதால் மெதுவாகத்தான் காயும். இன்னொன்று, நம் சருமம் இலேசான அமிலத்தன்மை உடையது. பிஹெச் 5-ஐ ஒட்டி இருக்கும். பாசியால் உருவான பீட்டும் அமிலப் பக்கம்தான். பென்டோனைட்டைத் தண்ணீரில் குழைத்தால் பெரும்பாலும் காரப் பக்கம் போய்விடும். வறண்ட சருமம் உள்ளவர்களுக்குப் பீட் என்று நான் சொல்வது இதனால்தான்.

எண்ணெய் வழியும் முகம் என்றால் என் பதில் மாறும். கம்பளியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க நூற்றாண்டுகளாகப் பயன்பட்டது முல்தானி மட்டி வகைக் களிமண்தான். அந்த வேலையில் பீட் அதற்கு ஈடாகாது. கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் வறட்சி என்று இருப்பவர்களுக்குக் கயோலின் போதும்; மென்மையானது, அதிகம் உறிஞ்சாது.

சாக்கடல் சேறு வேறு ரகம். அந்தக் கடல் நீரில் உப்பு சுமார் 34 சதவீதம், சாதாரணக் கடலைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. மெக்னீசியமும் அதிகம். சொரியாசிஸ் உள்ளவர்கள் அங்கே போய்த் தங்குவது வழக்கம். அவர்களுக்குக் கிடைக்கும் பலனில் வெயிலுக்கும் பங்கு உண்டு. ஆனால் சவரம் செய்த முகத்திலோ சிறு கீறலிலோ பட்டால் எரியும்.

பீட்டின் உண்மையான பெருமை முகத்தில் இல்லை, வெந்நீர்த் தொட்டியில்தான் இருக்கிறது. செக் நாட்டின் ஃபிரான்டிஷ்கோவி லாஸ்னே போன்ற ஊர்களின் பீட் குளியல் பெயர் பெற்றது. குழம்பு போல் கெட்டியாக இருப்பதால் சூடு அதற்குள் தண்ணீரில் போலச் சுழலாது. உடம்புக்கு மெல்ல மெல்ல இறங்கும். 42 டிகிரி வெந்நீரில் தாங்க முடியாதவர்கள்கூட அதே சூட்டில் உள்ள பீட்டில் சற்று நேரம் இருப்பார்கள். குளித்து எழுந்ததும் தெரியும் பளபளப்பில் பெரும்பங்கு அந்தச் சூட்டால் கூடிய ரத்த ஓட்டத்துடையது. கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

இரண்டு விளம்பரப் பேச்சுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சேறு உடம்பின் நச்சை உறிஞ்சி எடுக்கும் என்பார்கள்; அந்த வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. அடுத்தது, 1950-இல் டென்மார்க் பீட் நிலத்தில் அழுகாமல் கிடைத்த பழங்கால மனித உடல், டோலுண்ட் மனிதர். சுமார் 2,400 ஆண்டுக்குப் பிறகும் அவர் தாடையில் முளைத்திருந்த முடிகூடத் தெரிகிறது. ‘பீட் சருமத்தைக் காக்கும் என்பதற்குச் சாட்சி’ என்று அவரைக் காட்டுவது தவறு. அங்கே நடந்தது தோல் பதனிடுவதைப் போன்ற ஒன்று. உயிருள்ள சருமத்தில் அப்படி நடக்காது, நடக்கவும் வேண்டாம்.

பீட் நிலங்கள் உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் மண்ணில் உள்ள கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவற்றில்தான் அடங்கியிருக்கிறது. அதை நினைத்தால் வாளி வாளியாக வாங்க எனக்கு மனம் வராது. முகத்துக்கு இரண்டு தேக்கரண்டி போதும். பூசி 15 நிமிடம், வெதுவெதுப்பான நீரில் கழுவி, உடனே ஈரப்பதக் களிம்பு. வெள்ளைத் துண்டைத் தொடாதீர்கள், கறை போகாது.

சிக்கனம் என்று நர்சரியில் விற்கும் தோட்டப் பீட்டை மட்டும் முகத்தில் பூசிவிடாதீர்கள். ஸ்பாக்னம் பாசியில் ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை இருக்கலாம். சின்னக் கீறல் வழியாக உள்ளே போனால் ஆறாத புண்ணாக மாறி மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வைக்கும். அழகுப் பயன்பாட்டுக்கென்றே தயாரித்தது என்று டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். அதையும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.