மூன்றாவது தட்டுக்காக வாங்கலாமா? டாஃப்ட் பங்கின் பத்தாண்டுப் பதிப்பு

2013ஆம் ஆண்டு மே மாதம் வெளியான, பிரெஞ்சு மின்னணு இசை இரட்டையரான டாஃப்ட் பங்கின் ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்’ இசைத்தொகுப்பு, பத்தாண்டு நிறைவையொட்டி 2023இல் மூன்று வினைல் தட்டுகளாக மீண்டும் வெளிவந்தது. முதல் இரண்டு தட்டுகளில் இருப்பவை பழைய 13 பாடல்களேதாம். மூன்றாவது தட்டில், பெரும்பாலும் அதுவரை வெளிவராதிருந்த 9 உருப்படிகள் சுமார் 35 நிமிடங்களுக்கு ஓடுகின்றன. பழைய பதிப்பைக் கையில் வைத்திருப்பவர் இதற்காக மறுபடியும் பணம் போட வேண்டுமா என்று கேட்டால், போடலாம் என்பேன். ஆனால் அதற்கான நியாயம் அந்த ஒன்பதில் மூன்றில்தான் இருக்கிறது.

தோமா பங்கால்தேர், கீ-மனுவல் த ஹோமெம்-கிறிஸ்தோ ஆகிய இருவரும் பாரிஸில் பள்ளித் தோழர்கள். அவர்கள் முதலில் நடத்திய கிட்டார் குழுவைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் இதழ் இளக்காரமாக எழுதிய சொற்களிலிருந்தே தங்கள் புதிய பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1997இல் வந்த ‘ஹோம்வொர்க்’ பங்கால்தேரின் படுக்கையறையில் உருவானது. 2001இல் வந்த ‘டிஸ்கவரி’யில் பழைய டிஸ்கோ, ஃபங்க் தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த சாம்பிள்களை, மூலத்தை மறக்கடிக்கும் அளவுக்கு உருமாற்றிக் காட்டினார்கள். சில வாரங்களில் செய்து முடித்த 2005ஆம் ஆண்டுத் தொகுப்பு எடுபடவில்லை என்றாலும், அதே பாடல்கள் அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழா மேடையின் ஒளிரும் பிரமிடுக்குள்ளிருந்து ஒலித்தபோது புத்துயிர் பெற்றன.

இப்படிப் பிறர் வாசித்ததை வெட்டி ஒட்டியே பெயர் வாங்கியவர்கள், 2013இல் அப்படிப்பட்ட வாசிப்பாளர்களையே நேரில் வரவழைத்தார்கள் என்பதுதான் இந்தத் தொகுப்பின் சிறப்பு. நைல் ராஜர்ஸின் கிட்டாரும் நேதன் ஈஸ்ட்டின் பேஸ் கிட்டாரும் ஒமர் ஹக்கீமின் டிரம்ஸும் இதில் சாம்பிள்கள் அல்ல. ஸ்டுடியோவில் உட்கார்ந்து வாசிக்கப்பட்டவை. சாம்பிள் இடம்பெறும் ஒரே பாடல் கடைசியாக வரும் ‘காண்டாக்ட்’. டிஸ்கோ இசை முன்னோடியான ஜார்ஜியோ மொரோடர் தன் இளமைக்காலத்தைப் பேச்சிலேயே விவரிக்கும் ஒன்பது நிமிட உருப்படிக்கு, அவர் எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறாரோ அந்தக் காலத்து மைக்கைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நல்ல ஹெட்போனில் கூட அந்த வேறுபாட்டை என்னால் உறுதியாகப் பிடிக்க முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் பேசி முடித்ததும் சின்தசைசர் ஒலி தனியாக எழுந்து, அதன் மேல் பியானோவும் தந்திகளும் சேர்ந்து, கடைசியில் ஹக்கீமின் கை கட்டவிழும் இடத்தை வினைலில் கேட்பது தனி அனுபவம்.

மூன்றாவது தட்டுக்கு வருவோம். இதில் மிகச் சிறந்தது ‘ஃபிராக்மென்ட்ஸ் ஆஃப் டைம்’ பாடல் உருவான விதத்தைக் காட்டும் எட்டு நிமிடப் பதிவு. அதைப் பாடிய டாட் எட்வர்ட்ஸும் பங்கால்தேரும் ஒரு வரியைச் சொல்லிப் பார்ப்பதும், சிரிப்பதும், மெட்டை முனகிப் பார்ப்பதும், பேச்சாகத் தொடங்கியது மெல்லப் பாட்டாக மாறுவதும் அப்படியே பதிவாகியிருக்கின்றன. சுமார் இருபதாண்டுகள் ரோபோ தலைக்கவசத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டவர்கள் இவ்வளவு நெருக்கமாக ஒலித்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ‘த ஸ்ட்ரோக்ஸ்’ ராக் குழுவின் பாடகர் ஜூலியன் கேசபிளாங்கஸ் பாடிய ‘இன்ஃபினிட்டி ரிப்பீட்டிங்’ 2013ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே இடம்பெற்றிருக்க வேண்டிய தரத்தில் இருக்கிறது. மாறாக, ‘கெட் லக்கி’யின் ஆரம்ப வடிவம் என்று தந்திருப்பது அரை நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே ஓடுகிறது; ஆசை காட்டி ஏமாற்றுவதுபோல் இருக்கிறது. ‘பிரைம்’ என்ற முற்றுப்பெறாத உருப்படி முற்றுப்பெறாமலே இருந்திருக்கலாம்.

2023 நவம்பரில் டிரம்ஸை முழுவதும் நீக்கிய பதிப்பு ஒன்றும் தனியாக வந்தது. மிருதங்கக்காரர் வராத கச்சேரியைப் போன்ற அதில் நைல் ராஜர்ஸின் விரல் வேலை துலக்கமாகக் கேட்கிறது. அதற்காக ஒருமுறை இணையத்தில் கேட்டால் போதும், வாங்கத் தேவையில்லை. பத்தாண்டுப் பதிப்பை வாங்குபவர்கள் பெட்டி வந்ததும் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. எனக்கு வந்ததில் உறையின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. அனுப்பிய கடைக்காரர் இரண்டு வாரம் இழுத்தடித்துத்தான் மாற்றிக் கொடுத்தார்.

நான் சொன்ன மூன்றில் கடைசியானது, தட்டின் கடைசி உருப்படியான ‘டச்’ பாடலின் சேர்ந்திசைப் பகுதி. 2021 பிப்ரவரி 22 அன்று இருவரும் பிரிவதை ஒரு சொல்கூடப் பேசாமல் அறிவித்த எட்டு நிமிடக் காணொளியில், ஒரு ரோபோ வெடித்துச் சிதறிய பின் மற்றொன்று பாலைவனத்தில் தனியாக நடந்துபோகும்போது ஒலித்தது இதுதான்.