வெண்டைக்காய் அச்சா, முடிச்சுச் சாயமா? பிள்ளைகளின் பழைய பனியனுக்கு எது சரிப்படும்

பிள்ளைகள் தாங்களே நிறம் போட்ட சட்டையைத் துவைத்துக் காயவைத்த பிறகு மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். செய்யும்போது முக்கால்வாசி வேலை அவர்கள் கையால் நடக்க வேண்டும். செலவு 200 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். லீவு நாளில் வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று வழிகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கிறேன்: துணிப் பெயிண்டில் காய்கறி அச்சு, ரப்பர் பேண்ட் கட்டி முடிச்சுச் சாயம், மார்க்கரில் புள்ளி வைத்து ஸ்பிரிட் சொட்டுவது.

முதலில் துணி. மூன்றுக்குமே வெள்ளை அல்லது வெளிர் நிறப் பருத்தி பனியன்தான் நல்லது. பள்ளிச் சீருடைச் சட்டைகளில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கும். அதில் சாயம் சரியாகப் பிடிக்காது. சந்தேகமாக இருந்தால் தையல் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, பெரியவர் யாராவது தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகிவிடும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். புதுத் துணியாக இருந்தால் கஞ்சி போக ஒரு தடவை அலசிக் காயவைத்துவிட வேண்டும்.

என் ஓட்டு காய்கறி அச்சுக்குத்தான், அதிலும் வெண்டைக்காய்க்கு. குழம்புக்கு ஆகாது என்று ஒதுக்கிய முற்றல் காய் இருக்கிறதே, அதுதான் இங்கே முதல் தரம். பிஞ்சாக இருந்தால் அழுத்தும்போது நசுங்கிவிடும். குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து இதழ்ப் பூ. நடுவே விதைக்குழிகள் வெள்ளைப் பொட்டுகளாக விழும். வெட்டியவுடன் பெயிண்டில் தொடக் கூடாது. கொழகொழப்பு பெயிண்டை நீர்க்கச் செய்து ஓரங்களைக் கரைத்துவிடும். கால் மணி நேரம் செய்தித்தாள் மேல் கவிழ்த்து வைத்தால் போதும். உருளைக்கிழங்கும் அப்படியே, வெட்டிய முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். வாழைமட்டையின் குறுக்குவெட்டு கிடைத்தால் விடாதீர்கள்: சின்னச் சின்ன அறைகளோடு பிறை வடிவம், எந்த அச்சுக்கட்டையிலும் வராத நேர்த்தி.

துணிப் பெயிண்ட் 15 மில்லி குப்பி ஒன்று ஏறக்குறைய 30, 40 ரூபாய். கடைக்குக் கடை மாறும். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் இருந்தால் மீதி நிறங்களைப் பிள்ளைகளே கலந்துகொள்வார்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைத் தட்டில் வைத்து, பெயிண்டை அதில் ஊறவிட்டு, காயை அதன் மேல் ஒற்றி எடுக்க வேண்டும். நேரே பெயிண்டில் முக்கினால் பூ வராது, திட்டுதான் வரும். பனியனுக்குள் ஓர் அட்டையைச் செருக மறந்துவிட்டால் முன்பக்கப் பூ முதுகிலும் பூத்திருக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இதில் பெரியவர் செய்ய வேண்டியது காயை வெட்டிக் கொடுப்பதும் இஸ்திரி போடுவதும் மட்டுமே.

குறை இல்லாமல் இல்லை. துணிப் பெயிண்ட் நூலுக்குள் இறங்காது. மேலே ஓர் அக்ரிலிக் படலமாக ஒட்டி நிற்கும். தடித்து அப்பினால் அந்த இடம் விறைத்து, வெயில் காலத்தில் உடம்பில் உறுத்தும். ஒரு நாள் காயவிட்டு, மறுபக்கத்திலிருந்து இஸ்திரி போட்டு, மேலும் இரண்டு மூன்று நாள் கழித்துத் துவைத்தால் நன்றாகவே நிலைக்கும். பொறுமையில்லாமல் அடுத்த நாளே வாஷிங் மெஷினில் போட்டால் அது பெயிண்டின் தப்பில்லை.

முடிச்சுச் சாயத்துக்கு வருவோம். பார்வைக்கு இதை அடித்துக்கொள்ள வேறு இல்லை. மதுரையில் சௌராஷ்டிரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவரும் சுங்குடியும் இதே தத்துவம்தான்: கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டில் ஒரு கொண்டைக்கடலையைத் துணியில் வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கிச் சுற்றினால் அந்தப் புள்ளியின் பெரிய வடிவம் வரும். கோலிக்குண்டு வைத்தால் வட்டம் இன்னும் பெரிது. கட்டும் வரைக்கும் முழுக்கப் பிள்ளைகளின் ராஜ்யம்.

சிக்கல் அதற்கப்புறம். கடையில் மலிவாகக் கிடைக்கும் சாயப் பொட்டலம் பெரும்பாலும் உப்புப் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டிய வகை. அடுப்பு, கொதிநீர் என்றால் பிள்ளைகளை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு நாமே செய்ய வேண்டியதுதான். அந்தச் சாயம் ஒவ்வொரு சலவைக்கும் கொஞ்சம் போகும், கூட ஊறும் துணிகளையும் கெடுக்கும். கொதிக்கவைக்கத் தேவையில்லாதது ரியாக்டிவ் சாயம். 1956-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த வகை இது. சோடா கரைசலின் காரத்தில் பருத்தி இழையோடு வேதியியல் ரீதியாகவே பிணைந்துவிடும், அதனால்தான் நிறம் நிற்கிறது. பனியனைச் சலவை சோடா கரைத்த நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, முடிச்சுப் போட்டு, சாயத்தை ஊற்றி, பாலித்தீன் பையில் இரவு முழுக்கச் சுற்றி வைக்க வேண்டும். ஆப்ப சோடா இதற்கு உதவாது. பொடியைக் கரைப்பது கண்டிப்பாகப் பெரியவர் வேலை, மூக்கில் ஏறக் கூடாது. எல்லோருக்கும் கையுறை வேண்டும். ஒரே ஒரு பனியனுக்காக இரண்டு மூன்று நிறச் சாயம், சோடா, கையுறை என்று வாங்கினால் 200 ரூபாய்க் கணக்கு உதைக்கும். நாலைந்து பிள்ளைகள் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும்.

இன்னொன்று, அலசும் தண்ணீர். தெளிவாகும் வரை பக்கெட் பக்கெட்டாகப் போகும். சாயமும் சோடாவும் கலந்த அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற முடியாது. திருப்பூரில் சாயக் கழிவு நொய்யலைப் பாழாக்கியதும், 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதும் நமக்குத் தெரிந்த கதைதான். நாலு பனியனையும் அதையும் ஒரே தராசில் வைக்க முடியாது, சரி. ஆனாலும் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இந்த வேலையை மே மாதம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மார்க்கர் வழி பத்து நிமிட வேடிக்கை. கிண்ணத்தின் வாயில் துணியை இழுத்து ரப்பர் பேண்ட் போட்டு, பர்மனென்ட் மார்க்கரால் வட்டமாகப் புள்ளிகள் வைத்து, நடுவில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மை கரைந்து பூவாக விரியும். சில கறுப்பு மார்க்கர்கள் ஊதாவும் நீலமுமாகப் பிரிந்து போவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஆனால் ஸ்பிரிட் சட்டெனத் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பில்லாத இடத்தில் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகே இஸ்திரி போட வேண்டும். துவைக்கத் துவைக்க வெளுத்துவிடும் என்பதால் சட்டையைவிடக் கைக்குட்டைக்கே இது பொருந்தும்.

மஞ்சள்தூள் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பருத்தியில் மஞ்சள் நன்றாகவே பிடிக்கும், செலவும் இல்லை. ஆனால் வெயிலில் காயவைத்தாலே மங்கும், சோப்புப் பட்டால் சிவக்கும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு தெளித்து மறுபடி மஞ்சளாக்கிக் காட்டலாம். விளையாட்டாக வைத்துக்கொண்டால் பரவாயில்லை.

எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் யோசிக்காமல் வெண்டைக்காய். பத்துக்கு மேலே, கூட்டாளிகளும் பெரியவர் ஒருவரின் அரை நாளும் இருந்தால் ரியாக்டிவ் சாயம். கடைக்காரர் கண்ணாடிக் கல்லும் சமிக்கியும் சேர்த்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பசையில் ஒட்டிய கல் இரண்டு சலவைக்குத் தாங்காது. உதிர்வதைத் தம்பி தங்கை வாயில் போட்டுக்கொள்வார்கள்.